அத்தை ஜெயித்த சர்க்கரை

அர்ஜுனன் மாமாவுக்குக் கல்கத்தா பக்கம் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் பெட்டி கோக்கிற வேலை. ஆளும் நிலக்கரி வேகன் மாதிரிதான் இருப்பார். எமர்ஜென்சி போட்ட வருஷம், ரிடையராகக் கொஞ்ச காலமே இருக்கையில், திடீரென்று சர்க்கரை வந்தது. பரம்பரையில் யாருக்கும் கிடையாது. ரசகுல்லா ஊரில் இத்தனை நாள் குடியிருந்ததற்கு வாடகை என்றார் மாமா.

நாகரத்தினம் அத்தை அடுக்களையிலும் எமர்ஜென்சி போட்டாள். சோறு தடை. காலையில் கோதுமைக் கஞ்சி, ராத்திரி பாகற்காய். மாமா இளைத்தார். அவர் பெல்ட்டில், அந்த வீட்டில் வளர்ந்த நான்தான் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டேன். குவார்ட்டர்ஸ் பெண்கள் பக்குவம் கேட்டு வர, அத்தை மெடல் வாங்கினவள் போல நடந்தாள்.

ஓட்டைகள் கூடின. பிறகு முதுகுவலி, கண்ணில் மஞ்சள். ஆஸ்பத்திரிக்கு மாமா என்னைக் கூட்டிப்போனார். அவருக்குத் தெரிந்தது யார்டு ஹிந்தி; வயிற்றுக்குள் இருக்கிற சாமான்களுக்கு அதில் பேர் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் ஒட்டாவிட்டாலும் பெங்காலி ஒட்டியிருந்தது.

வயிற்றைத் திறந்து பார்த்து அப்படியே மூடின டாக்டர் சொன்னதை, மாமாவுக்குத் தமிழில் நான்தான் சொன்னேன். கணையத்தில் புற்று. சர்க்கரைக்காரர் எல்லாருக்கும் இது வராது. ஆனால் வயசான பிறகு திடீரென்று சர்க்கரை வந்து, ஆளும் காரணமில்லாமல் இளைத்தால், சில பேருக்கு உள்ளே இது இருக்கும். மாமா இளைத்தது அதனால்தான், பத்தியத்தால் அல்ல.

மாமா என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"புத்துன்னு அவளுக்குத் தெரியத்தான் போவுது. இளைச்சது அவ சமையலால இல்லேங்கறத மட்டும் சொல்லிடாதடா. ஊருக்கே பக்குவம் சொல்லிக்கிட்டிருக்கா."

வீட்டுக்கு வந்தும் பாகற்காயையே மென்றார். ரெண்டு வாய்க்கு மேல் இறங்காது. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை.

துர்கா பூஜை முடிந்து, பக்கத்து வீட்டு பெங்காலி பௌதி, அதாவது அண்ணி, வழக்கம்போலத் தேங்காய் உருண்டை கொண்டுவந்தாள். சர்க்கரை வந்ததிலிருந்து மாமா பங்கு இனிப்பு எனக்குத்தான் வரும். அன்று அத்தை ஒன்றை எடுத்து அவர் வாயருகே நீட்டினாள்.

"சர்க்கரை?" என்றார் மாமா.

"தின்னுங்க. பாவக்காய்க்கு இந்த இளைப்பு இளைக்காதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க அத மெல்றதத்தான் பாக்க முடியல."

மாமா என்னை முறைத்தார். நான் சொல்லவில்லை என்றேன், நம்பவில்லை. பண்ணின சேட்டைக்கெல்லாம் தப்பித்தவன், பண்ணாததற்கு மாட்டிக்கொண்டேன்.

பாதிதான் அவரால் தின்ன முடிந்தது. மீதியை அத்தை தின்றாள்.