ஏப்ரலில் ஊரில் தங்காத மிட்சுயே

ஏப்ரல் பிறந்தால் தக்காத்தோ கோட்டைப் பூங்காவில் செர்ரிப்பூ பார்க்க ஜப்பானின் நாலு மூலையிலிருந்தும் கூட்டம் வந்து இறங்கும். அந்த மாதத்தில் ஊரை விட்டுக் கிளம்பிப் போகிற ஒரே ஆள், நான் மாடியில் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரம்மா, கரசாவா மிட்சுயே. ஒரு வருஷம் ப்ரூஜ். மறு வருஷம் போர்த்தோ. ஆறும் கல்பாலமும் டிராம் வண்டியும் உள்ள ஐரோப்பிய ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். முதல் தடவை மட்டும் ஒரு சுற்றுலாக் குழுவோடு போனார். அந்தக் குழுவின் வழிகாட்டிப் பெண் பேசிய பேச்சில் குற்றம் கண்டுபிடித்தே நாள் போய்விட்டது என்று, அதற்குப் பிறகு தனியாகத்தான் போவார். அந்த ஊர்ப் பாஷைகளில் ஒன்றும் தெரியாது. சிரிப்பும் கைச்சாடையும் போதும் என்பார்.

இனா பள்ளத்தாக்கில் நுட்பமான உலோக உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு அறையில் மாட்டிவைத்திருக்கிறேன். வாடகைக்கு வந்த வாரமே மிட்சுயே அதை உற்றுப் பார்த்துவிட்டு, "கல்யாணப் படம் மாட்டற இடத்துல இத மாட்டிருக்கியே தம்பி, இதுதான் சம்சாரமா?" என்று கேட்டார். அப்படித்தான் பழகினோம்.

மிட்சுயே பதினெட்டு வயதில் சுற்றுலாப் பேருந்துக் கம்பெனியில் வழிகாட்டியாகச் சேர்ந்தவர். நீலச் சீருடை, தொப்பி, வெள்ளைக் கையுறை, கையில் ஒரு சின்னக் கொடி. வழிகாட்டி பேருந்தின் முன்பக்கம் நின்று பயணிகளைப் பார்த்துத்தான் பேச வேண்டும். வழியில் வரும் மலையும் கடலும் பூவும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் வரும். "ஜப்பான்ல இருக்கற வசந்தம் மொத்தத்தையும் முதுகால பார்த்தவ நான்," என்று சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வு பெற்ற முதல் ஏப்ரலில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு கோட்டைப் பூங்காவுக்குப் போயிருக்கிறார். பூவுக்குக் கீழே கூட்டத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் தலைகளை எண்ண ஆரம்பித்துவிட்டதாம். யாரோ ஒரு அந்நியக் கிழவர் கூட்டத்திலிருந்து விலகிப் போனதும் அவர் பின்னாலேயே ஓடி, கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டாராம். அன்றைக்கு முடிவு செய்ததுதான் ஏப்ரலில் ஊரில் இருப்பதில்லை என்று.

அவர் கணவர் டெட்சுஜி அதே கம்பெனியில் ஓட்டுநர். பேருந்தைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் மிட்சுயே இறங்கி, பின்பக்கம் நின்று விசில் ஊதி வழி சொல்வார். விசில் சத்தத்தை நம்பி டெட்சுஜி கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் பின்னால் எடுப்பாராம். அந்த நம்பிக்கையில் கல்யாணம் ஆயிற்று. வீட்டிலும் அவர் இவருக்கு 'டிரைவர்', இவர் அவருக்கு 'கைடு'. வருஷா வருஷம் இருவரும் சேர்ந்து தக்காத்தோவுக்கு ஆட்களைக் கூட்டிவந்தார்கள். மிட்சுயே கொடியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு உள்ளே போவார். டெட்சுஜி வண்டி நிறுத்தத்தில் நின்று, முன்கண்ணாடியில் ஒட்டிய இதழ்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். இருவரும் சேர்ந்து ஒரு மரத்தடியில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

இந்த வருஷம் அப்படி உட்கார வேண்டும் என்று டெட்சுஜிக்கு ஆசை வந்தது. அதற்குக் காரணம் இருந்தது. அவருக்குக் கண்ணில் அழுத்த நோய். வலது கண் கிட்டத்தட்டப் போய்விட்டது. இடது கண்ணில் ஓரங்கள் கறுத்து, நடுவில் ஒரு துவாரம் அளவுக்குத்தான் பார்வை. அதுவும் அடுத்த வசந்தம் வரை நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அவரைக் காரில் கூட்டிப்போய் வந்தவன் நான். போன இலையுதிர் காலத்தில் அவர் தன் ஓட்டுநர் உரிமத்தைக் காவல் நிலையத்தில் திருப்பிக் கொடுத்தபோதும் நான்தான் கூட இருந்தேன். வாழ்நாள் முழுதும் பேருந்து ஓட்டியவர், வெளியே வந்து என் காரின் இடதுபக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கை வைக்க இடம் தெரியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மனைவியிடம், வீட்டு வண்டிக்கு அரசுப் பரிசோதனைச் செலவு கட்டுப்படியாகவில்லை, விற்றுவிட்டேன் என்று சொல்லிவைத்தார்.

மிட்சுயேவிடம் சொல்லிவிடுங்கள் என்று நான் எத்தனையோ முறை கேட்டேன். "சொன்னா போகமாட்டா தம்பி," என்றார். "எனக்குப் பின்னாடி நின்னு விசிலடிச்சே வயசத் தொலைச்சவ. இப்பவும் வந்து விசிலடின்னு நான் எப்படிக் கேட்பேன்?"

மிட்சுயேவும் இந்தமுறை சாதாரணப் பயணம் போகவில்லை. வெனிஸ், லியுப்லியானா, வியன்னா, கடைசியாகப் ப்ராக். கம்பெனியின் ஓய்வறையில் ப்ராக் ஊரின் பழைய நாள்காட்டிப் படம் ஒன்று தொங்குமாம். ஆற்றின் மேல் நீளமான கல்பாலம், பாலத்தின் இருபுறமும் சிலைகள், அந்தக் கரையில் செம்மண் நிறக் கூரைகள். இருபது வயதில் அதைப் பார்த்தபடிதான் கால்வலிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்வாராம். அந்த ஊரை ஒவ்வொரு வருஷமும் தள்ளித் தள்ளி வைத்து, இந்த வருஷம்தான் துணிந்தார்.

மனைவி பயணம் போனதும் டெட்சுஜி வழக்கம்போல் தட்டு வைக்க ஆரம்பித்தார். பயணத்தில் இருக்கிறவருக்காக வீட்டில் சாப்பாடு வைப்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். போன இடத்தில் பசியில்லாமல், ஆபத்தில்லாமல் இருப்பார்கள் என்று நம்பிக்கை. சோறு, மிசோ சூப், கொஞ்சம் முள்ளங்கி ஊறுகாய். சூப் கிண்ணத்து மூடியின் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் ஆள் சுகம் என்று அர்த்தம். வெறும் இருக்கைக்கு முன்னால் தட்டு வைக்க ஒரு மாதிரி இருக்கிறது என்று, மிட்சுயே சீருடையில் நிற்கும் படத்தை எடுத்துத் தட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார். முன்பெல்லாம் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். இந்த வருஷம் உட்புறத்தில் விரலை வைத்துத் தடவினார். ஈரம் பட்டதும் முகம் தெளியும்.

தட்டு வைக்கிற சங்கதி மிட்சுயேவுக்கே தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. இப்போதெல்லாம் அந்த மாதிரித் தட்டை இறந்தவர்களுக்கு வைத்துத்தான் ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள்.

பூ பாதி விரிந்திருந்த ஒரு நாள் காலை, தெருச் சங்கத் தலைவி ஹிரசாவா அம்மா, வீடு வீடாகச் சுற்றுகிற அறிவிப்புப் பலகையை எடுத்துக்கொண்டு வந்தார். டெட்சுஜி கொல்லையில் இருந்தார். கதவு திறந்து கிடந்தது. வாசலில் நின்று குரல் கொடுத்தவர் கண்ணில், உள்ளறையில் படமும் தட்டும் பட்டன. பலகையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

வேறு ஊராக இருந்தால் உள்ளே ஓடி என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். இங்கே துக்க வீட்டில் கேள்வி கேட்பது மரியாதை இல்லை. வெளிநாட்டில் என்ன நடந்ததோ, பாவம், வாய் திறக்க முடியாமல் மனுஷன் உட்கார்ந்திருக்கிறார் என்று பேச்சு வீடு வீடாகப் போனது. மதியம் டெட்சுஜி கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு, சிவந்த கண்ணோடு கடைக்குப் போயிருக்கிறார். எதிரே வந்தவர்கள் எல்லாம் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்கள். அவரும் பதிலுக்குக் குனிந்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் வேலை முடிந்து வந்தபோது வாசலில் வரிசையாகக் கறுப்புச் செருப்புகள். உள்ளே கறுப்பு உடையில் ஏழெட்டுப் பேர். டெட்சுஜி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மாலை மங்கலில் அவர் கண்ணுக்கு உடையின் நிறம் பிடிபடவில்லை. பூ பார்க்கப் போவது பற்றிப் பேசத் தெருச் சங்கம் கூடியிருக்கிறது என்றே நினைத்திருந்தார். மிட்சுயே மாதிரி கலகலப்பான பெண் இந்தத் தெருவில் கிடையாது என்று ஒருவர் குரல் தழுதழுக்கச் சொன்னார். டெட்சுஜி பெருமையாகத் தலையாட்டினார். இப்போது லியுப்லியானாவில் இருக்கிறாள், அங்கே ஆறு பச்சையாக இருக்கிறதாம், கரையெல்லாம் கடை போட்டிருக்கிறார்களாம் என்றார். ஹிரசாவா அம்மா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் நினைத்தது அவர் முகத்திலேயே எனக்குத் தெரிந்தது.

நான் வாயைத் திறக்குமுன் டெட்சுஜியின் கைபேசி அடித்தது. மிட்சுயே. பக்கத்து ஊரான சுவாவில் இருக்கிற பழைய தோழி ஒருத்தி செய்தி கேட்டு, துக்கம் தாங்காமல் மிட்சுயேவின் எண்ணுக்கே கூப்பிட்டு அழுதிருக்கிறாள். முகம் தெரிகிற அழைப்பு. நான் கைபேசியை வாங்கித் தேநீர்க் கெண்டியில் சாய்த்து வைத்தேன். அங்கே முற்பகல். பின்னால் காய்கறிக் கடையும் வெயிலும். மிட்சுயே எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கைகளை முன்னால் கோத்து, பழைய வழிகாட்டி வணக்கம் போட்டார்.

"என் சாவுக்கு வந்த எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வெளியூர்ல இருக்கறதால நான் வர முடியல, மன்னிச்சுக்கணும்."

ஹிரசாவா அம்மாதான் முதலில் சிரித்தார், அழுகையோடேயே. எல்லாரும் சிரித்தார்கள். தட்டைப் பற்றி நான்தான் விளக்கினேன். மிட்சுயே சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக வைக்கிறார் என்று கேட்டார். நீங்கள் போக ஆரம்பித்ததிலிருந்து என்றேன்.

"காட்டுங்க டிரைவர், எனக்கு என்ன சாப்பாடு போட்டிருக்கீங்கன்னு பார்ப்போம்."

டெட்சுஜி தட்டுப் பக்கம் திரும்பி மூடியை எடுக்கக் கை நீட்டினார். கை மூடிக்கு வலதுபக்கம் காற்றில் துழாவி, கிண்ணத்தில் மோதி, சூப் பாயில் கொட்டியது. துடைக்கத் துணி தேடினார். அவர் வலது தோளோரம் ஹிரசாவா அம்மா கைக்குட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். டெட்சுஜி அதை வாங்கவில்லை. ஹிரசாவா அம்மா நீட்டியபடியே இருந்தார்.

மிட்சுயேவின் குரல் பேருந்துக் காலத்துக் குரலாக மாறியது. "டிரைவர். வலது பக்கம் சரியா?"

"சரி," என்றார் டெட்சுஜி, பேருந்து ஓட்டிய பழக்கத்தில்.

"வலது பக்கத்துல ஹிரசாவா அம்மா கைக்குட்டைய நீட்டிட்டு உட்கார்ந்திருக்காங்க."

டெட்சுஜி தலையை முழுதாகத் திருப்பினார். கைக்குட்டையைக் கண்டுபிடித்தார். வாங்கிக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்தார்.

"எப்பலேர்ந்து?"

"போன வருஷம்."

"வண்டிய வித்தது?"

"உரிமத்தத் திருப்பிக் கொடுத்துட்டேன்."

வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, சத்தமில்லாமல் செருப்பு மாட்டிக்கொண்டு போனார்கள். நானும் எழுந்தேன். மிட்சுயே என்னை நிறுத்தி, பூ எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். பாதி விரிந்திருக்கிறது, வார இறுதிக்கு முழுசாகிவிடும் என்றேன்.

"நீ ப்ராக் பார்த்துட்டு வா," என்றார் டெட்சுஜி.

"உங்ககிட்ட நான் கேட்கல," என்றார் மிட்சுயே. அழைப்பு நின்றது.

மிட்சுயே பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பி வருவதற்குள் மழை வந்துவிட்டது. இரண்டு நாள் காற்றும் மழையும். வந்த அன்றே இருவரையும் பூங்காவுக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன். அகழித் தண்ணீரை உதிர்ந்த இதழ்கள் இளஞ்சிவப்பாக மூடியிருந்தன. வழியெல்லாம் இதழ்கள் சேற்றோடு சேர்ந்து மிதிபட்டுக் கிடந்தன. மரத்தில் சிவந்த காம்புகளும் இலைக் குருத்தும்தான். டெட்சுஜி அண்ணாந்து பார்த்து, பரவாயில்லை, வாசனை இருக்கிறது என்றார். அந்தப் பூவுக்கு வாசனை கிடையாது.

அடுத்த ஞாயிறு காலை மிட்சுயே என் கதவைத் தட்டி, கார் வேண்டும் என்றார். பள்ளத்தாக்குக்கு மேலே மலையில் ஒரு சிற்றூரில், குளிர் அதிகம் என்பதால் தாமதமாகப் பூக்கும் மரம் ஒன்று இருக்கிறதாம். பாதை குறுகல் என்பதால் கம்பெனி அங்கே ஒரு நாளும் பேருந்து விட்டதில்லை. அவரும் பார்த்ததில்லை. கேள்விப்பட்டதுதான். போகும்போதே, போன வாரமே உதிர்ந்திருந்தாலும் உதிர்ந்திருக்கும் என்று என்னிடம் முணுமுணுத்தார். ஒவ்வொரு வளைவிலும் டெட்சுஜி இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார்.

மரம் கல்லறைகளுக்குப் பக்கத்தில், உழுது போட்ட வயலோரம் தனியாக நின்றது. கிளைகள் தரையைத் தொடும்படி தொங்கின. ஒரு கிளையில்கூட இடைவெளி இல்லை. முழுசாகப் பூத்திருந்தது. அங்கே எங்களைத் தவிர ஆள் இல்லை.

விரிப்பைப் போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். நான் காரோரம் நின்றேன். டெட்சுஜி தலையை மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று மெல்ல நகர்த்தி, துவாரம் வழியாக மரத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் அப்படியே போனது. பிறகு, ப்ராக்குக்கு அவ்வளவு பக்கத்தில் போய் எப்படித் திரும்பினாய் என்று கேட்டார்.

"வியன்னா ஸ்டேஷன்ல அந்த ரயில் எதிர் பிளாட்பாரத்துல நின்னுது. கதவு திறந்தே இருந்துச்சு," என்றார் மிட்சுயே. "அது கிளம்பற வரைக்கும் பார்த்துட்டு நின்னேன். அப்புறம் விமான நிலையத்துக்குப் போனேன்."

"அடுத்த வருஷம் போ."

"தேநீர் ஆறுது, குடிங்க."

டெட்சுஜி குடிக்கவில்லை. மறுபடியும் மரத்தைப் பார்த்தார். அப்புறம், "கைடு, நீ எங்க இருக்க?" என்றார்.

"இங்கதான், பக்கத்துல."

"வலது பக்கமா?"

"ஆமா."

"அதான் தெரியல. பூ மட்டும்தான் தெரியுது."

மிட்சுயே எழுந்தார். செருப்பைக்கூடப் போடாமல், காலுறையோடு ஈர மண்ணில் நடந்து மரத்தடிக்குப் போய், தொங்கும் கிளைகளுக்கு நடுவே நின்றார். டெட்சுஜி முகத்தை அப்படி இப்படித் திருப்பித் தேடினார். பிறகு திருப்புவதை நிறுத்திவிட்டார்.

"ம்," என்றார். "ரெண்டும் இருக்கு."

காற்று லேசாக வந்தது. மிட்சுயேவின் காலுறை நனைந்திருந்தது. டெட்சுஜி போதும் என்கிற வரை என்று அங்கேயே நின்றார். அவர் போதும் என்று சொல்லவில்லை.