சந்தன மொட்டை

வாரம் ஒரு தலைப்புக்கு வரையும் எங்கள் ஓவியக் குழுவில் இந்த வாரத் தலைப்பு 'தொலைந்த நாள்'. நான்கு வயதில் திருத்தணி மலைப்படியில் என் அப்பா, நைனா, என்னைக் கூட்டத்தில் விட்டுவிட்டார். சந்தனம் பூசிய மொட்டைத்தலைக்காரர் ஒருவர்தான் என்னைத் தோளில் தூக்கி வந்தார். நாட்குறிப்பில் இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். நைனாமேல் கோபம் தீரவே இல்லை.

வரைந்ததை அவரிடமே காட்டினேன். "இந்த நல்ல மனுஷர் இல்லன்னா நான் என்னாயிருப்பேன்?"

நைனா விழுந்து விழுந்து சிரித்தார். "அடி பைத்தியமே, அது நான்தான்! மொட்ட போட்டு மீசையும் எடுத்துட்டேன். 'எங்க நைனா எங்க'ன்னு என் தலையிலயே அடிச்சிக்கினு வந்த!"

சந்தோஷத்தோடு படத்தை மறுபடி பார்த்தேன். விரிந்த அந்தக் காதுகள் நைனாவுடையவைதான். இத்தனை வருடம் நான் நன்றி சொல்ல ஏங்கிய ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். படத்தின் கீழே 'நைனா' என்று எழுதி, தேதியும் போட்டேன்.