பின்மதில் ஓரத்துத் தண்ணீர்

பஞ்சாட்சரத்தின் வாயிலிருந்து "தெரியாது" என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. மந்தைவெளியில் பதினெட்டு வீடுகள் கொண்ட அடுக்ககத்துக்குப் பதினோரு வருஷமாக அவர்தான் வாட்ச்மேன். எந்த டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார், நல்ல எலெக்ட்ரீஷியன் எங்கே கிடைப்பான், எதைக் கேட்டாலும் பதில் வரும். தெரியாததை விசாரித்தாவது தெரிந்த மாதிரி சொல்லிவிடுவார். அந்தப் பெருமை ஒன்றுதான் மனிதருக்குச் சொத்து. கடைசியில் அதுவே வினையாகவும் முடிந்தது.

பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. நாற்பது குடித்தனம், பஞ்சாட்சரத்தின் ஒற்றை அறையும் அதில் ஒன்று. குழாய்த் தண்ணீர் அந்தச் சந்துக்குள் என்றைக்குமே நுழைந்ததில்லை. லாரி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் மதிலோரம் ஓர் அடி பம்பு இருந்தது. சுற்றுவட்டாரமெல்லாம் உப்பாக இருக்க, அதில் மட்டும் நல்ல தண்ணீர். அதன் கைப்பிடி கிறீச்சிடும் சத்தத்தில்தான் சந்து கண் விழிக்கும்.

போன கோடையில் அடுக்ககத்தின் போர் வற்றிப்போனது. சங்கச் செயலாளர் சந்திரமௌலி, நீரோட்டம் பார்க்கிற ஒருவரை அழைத்துவந்தார். அவர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு கார் நிறுத்துமிடம் பூராவும் நடந்தார். தேங்காய் எழுந்து நிற்கவேயில்லை. எல்லோரும் முகம் தொங்கி நிற்கையில் நம்மவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"பின்னாடி மதிலாண்ட போடுங்க சார். எங்க சந்து பம்புல தண்ணி கல்கண்டு கணக்கா கீது" என்றார்.

போட்டார்கள், முந்நூறு அடி. கற்பூரம் காட்டி, முதல் தண்ணீர் பீய்ச்சியடித்தபோது சந்திரமௌலி அவர் தோளைத் தட்டி ஒரு சட்டைத் துணி கொடுத்தார். பஞ்சாட்சரத்தின் மனைவி தேசம்மாள் மகளின் பிரசவத்துக்குப் பெருங்குடி போயிருந்தாள். வந்ததும் கதையைச் சொல்லித் துணியைக் காட்டவேண்டும் என்று அதைப் பிரிக்காமல் வைத்திருந்தார்.

அவள் வருவதற்குள் பம்பு மாறிவிட்டது. பத்து முறை அடித்தால் வந்த தண்ணீருக்கு ஐம்பது முறை அடிக்க வேண்டியிருந்தது. பிறகு வெறும் காற்று. துணி டிரங்குப் பெட்டிக்கு அடியில் போனது.

காலை ஐந்து மணிக்கு அவர் மோட்டார் ஸ்விட்சைப் போடுவார். மதிலுக்கு அப்பால் கைப்பிடிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு, ஓய்ந்துவிடும். ஒரு வாரம் அரைமணி முன்னதாகவே மோட்டாரை நிறுத்திப் பார்த்தார். பம்பில் கொஞ்சம் ஊறியது. ஆனால் மூன்றாம் மாடியில் ஷவர் நின்றதும் விசாரணை வந்தது. மறுநாளிலிருந்து மோட்டார் முழு நேரம் ஓடியது. கோழை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அறுபத்திரண்டு வயதில் வேலை போனால் வேறு யார் சேர்ப்பார்கள்?

சந்திரமௌலியைக் கெட்டவர் என்று சொல்வதற்கில்லை. விஷயம் காதுக்கு வந்ததும் தாமே அழைத்து, "உங்காத்துக்கு ரெண்டு குடம் பிடிச்சுண்டு போ. மத்தவாளைக் கூட்டிண்டு வந்துடாதே" என்றார். நாற்பது குடித்தனத்தில் ஒரு வீட்டுக்கு நியாயம் கிடைத்தது. மற்றவர்கள் காலிக் குடங்களோடு லாரிக்காகக் காத்திருக்க, பஞ்சாட்சரம் தலை குனிந்துகொண்டே இரண்டு குடத்தைக் கொண்டுபோய் வீட்டில் இறக்கினார்.

தேசம்மாள் ஒரு சொம்பு மொண்டு குடித்தாள். இரண்டாவது வாய் வாயிலேயே நின்றது. முப்பது வருஷம் குடித்த தண்ணீரை நாக்கு மறக்குமா?

"இது நம்ம பம்பு தண்ணியாச்சேய்யா. மதிலாண்ட தண்ணி கீதுன்னு அவங்களுக்கு யாரு சொன்னது?"

பஞ்சாட்சரம் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தெரியாது" என்றார்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் அவள் கேட்டதில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொம்பைக் கீழே வைத்தாள். குடங்களை ஒவ்வொன்றாக இடுப்பில் ஏற்றிக் கொண்டுபோய், வற்றிய பம்பின் மேடையில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தாள். பிறகு வீட்டிலிருந்த காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு, லாரிக்கான வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றாள்.