பனிக்கட்டியில் ஒரு முனை

பத்து வருடம் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள், தன் நாத்தனார் படிக்கும் எம்.எஸ்சி. வகுப்பிலேயே போய்ச் சேர்ந்தாள். பகுதி வகைக்கெழுச் சமன்பாடு என்றால் டீச்சருக்கு மண்டை காயும். வயதில் சின்னவளான நாத்தனாரோ பஸ்ஸில் நின்றபடியே விடை சொல்லிவிடுவாள். பேராசிரியர் அவளைப் பாராட்டும்போதெல்லாம் டீச்சருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் காலையில் சின்னவள், கம்பியில் வெப்பம் பரவும் கணக்கைச் செய்து மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். டீச்சர் எடுத்துப் பார்த்தாள். கம்பியின் ஒரு முனை பனிக்கட்டியில் இருப்பதாகக் கேள்வி சொன்னது. சின்னவளோ இரண்டு முனையிலும் வெப்பம் வெளியேறாது என்று எடுத்திருந்தாள். எழுதிய மூன்று பக்கமும் தப்பு. "நல்லா வேணும்" என்று மனம் துள்ளியது. வாயைத் திறக்காமல் கூடவே வகுப்புக்குப் போனாள்.

பேராசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார். "முனையைக் கவனிக்காம விட்டுட்டியேம்மா. ஆனா நீ போன வழி அழகா இருக்கு, போர்டுல செஞ்சு காட்டு" என்றார். தப்புக்கும் பாராட்டா என்று டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்த சின்னவள், "உங்ககிட்ட காட்டியிருந்தா அப்பவே சொல்லியிருப்பீங்க அண்ணி" என்றாள்.

"பார்த்தேன். வேணும்னுதான் சொல்லல" என்று டீச்சர் போட்டு உடைத்துவிட்டாள்.

சின்னவளின் முகம் வாடியது. ஆனாலும், "அடுத்த தடவை சொல்லிடுங்க" என்று நோட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அந்த நல்ல மனதைப் பார்த்தும் டீச்சருக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.