பிரித்த கவரும் பிரிக்காத கவரும்

வெளிநாட்டில் வாங்கிய பட்டம் இங்கேயும் பட்டம்தான் என்று எழுதி வாங்கித் தருவது என் தொழில். அந்தத் தாளுக்காக அலைந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மும்பை மாட்டுங்காவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் ஆபீஸ். பதினோரு வருடமாகப் படிவம் நிரப்புகிறேன், இன்னும் பாதி விளங்கவில்லை.

இரண்டு கட்டம்

விக்ரோலி கம்பெனியில் ஃபிட்டராக இருக்கும் தாராவி அருள்ராஜ், மகள் ஸ்டெல்லாவை அழைத்து வந்தார். வெளிநாட்டில் எம்.எஸ்ஸி. முடித்தவள். செம்பூரில் ஒரு கல்லூரி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. மாதக் கடைசிக்குள் சமானச் சான்றிதழ் தராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

படிவத்தில் முதல் ஆண்டு மார்க், இரண்டாம் ஆண்டு மார்க் என்று இரண்டு கட்டம். ஸ்டெல்லா படித்ததோ ஒரே வருடம். மார்க்கும் ஆண்டுவாரியாக இல்லை, மொத்தமாக நூற்றெண்பது கிரெடிட். அதைப் பாதியாக வெட்டுவதா, ஒரு கட்டத்தைக் காலியாக விடுவதா என்று பேனாவும் கையுமாக முழித்தேன். கடைசியில் ஒரு விளக்கக் கடிதம் எழுதி இணைத்தேன். அருள்ராஜுக்கு மனசு ஆறவில்லை.

"ரெண்டு வருசப் படிப்ப ஒரு வருசத்துல முடிச்சிருக்கா. கெட்டிக்காரின்னு சொல்லாம கொறையிருக்குன்னுல்லா சொல்லுதாவ?"

ஜெபம் பண்ணின கவர்

பல்கலைக்கழகம் சீல் வைத்து அனுப்பும் மார்க் ஷீட் கவரைப் பிரிக்காமல் கொடுக்க வேண்டும். இதை அவர்களிடம் சொன்னதாகத்தான் எனக்கு நினைவு. கவர் வீட்டுக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பாதிரியார் ஜெபம் செய்து, கவரைப் பிரித்து, பாடம் பாடமாகச் சபைக்கே வாசித்திருக்கிறார். எல்லோரும் கை தட்டினார்களாம்.

"பிரிச்சுட்டேளா?" என்றேன். திறந்த கவர் செல்லாது என்றதும் ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். அருள்ராஜ் என்னையே பார்த்தார்.

"ஜெபம் பண்ணுன கவரே செல்லாதுன்னா, வேற எதும்மா செல்லும்?"

உள்ளே என்ன?

எழுதிக் கேட்டு இன்னொரு கவர் வருவதற்குள் மாதக் கடைசிக்கு மூன்று நாள்தான் மிச்சம். மற்றதெல்லாம் முடிந்து, கவர் மட்டுமே பாக்கி. சான்றிதழ் தரும் ஆபீசுக்கு மூவருமாகப் போனோம். கவுண்டரில் இருந்தவர் சீலைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மார்க் ஷீட் ஜெராக்ஸ் எங்கே என்றார். கவருக்குள் இருக்கிறது என்றேன். உள்ளே இருப்பது எங்களுக்கு எப்படித் தெரியும், ஜெராக்ஸ் வேண்டும் என்றார். பிரிக்கட்டுமா? பிரித்தால் செல்லாது. பிரிக்காமல் எப்படி ஜெராக்ஸ் எடுப்பது? அது உங்கள் பாடு என்று இந்தியில் கைவிரித்தார்.

"வோ ஆப் தேக்கோ, மேடம்."

பைக்குள் இருந்தது

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டெல்லாவின் கண் கலங்கியிருந்தது. அருள்ராஜ் பையைத் திறந்து பைபிளை எடுத்தார். அதற்குள் பாதிரியார் பிரித்த கவர், மார்க் ஷீட்டோடு. வெளியே ஓடி ஜெராக்ஸ் எடுத்து வந்தோம். கவுண்டர்காரர் அதை இணைத்து ஒரு முத்திரை குத்தினார். மாதக் கடைசி நாள் சாயங்காலம் சான்றிதழ் கைக்கு வந்தது. அருள்ராஜ் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைக் கேட்டார்.

"பிரிச்சது தப்புன்னு சொன்னியளே. இப்பம் என்ன சொல்லுதிய?"

இப்போதெல்லாம் யார் வந்தாலும் இரண்டு கவர் வரவழையுங்கள், ஒன்றைத் தொடாதீர்கள், மற்றதைச் சாமி முன்னால் வைத்துத் தாராளமாகப் பிரியுங்கள் என்கிறேன், ஏன் என்று கேட்டால் மட்டும் எனக்குத் தெரியாது.