களிம்பு

ஆட்சி மாறி, தெருவெல்லாம் வெடிச்சத்தம் ஓயாத வாரம் அது. சிதம்பரத்துக்கு மேற்கே இருக்கிற எங்கள் வீட்டுக் கொல்லையில் கக்கூஸ் தொட்டிக்குக் குழி வெட்டினோம். முழ உயரத்தில் ஒரு செம்பு அம்மன் வெளியே வந்தாள். உடம்பெல்லாம் பச்சையாகக் களிம்பு. மறுநாள் வெள்ளிக்கிழமை. குத்துவிளக்கோடு அவளையும் புளி போட்டுத் தேய்த்தேன். ஆத்மாவுக்கு மலம் போல செம்புக்குக் களிம்பு என்று கோயில் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு எப்படிக் கும்பிடுவது? முகம் தெரிந்ததும் குங்குமம் வைத்து அழுதேன்.

சாயங்காலம் தாசில்தார் வந்தார். கூடவே கடலூரில் ஒரு மியூசியத்தைப் பார்த்துக்கொள்கிறவர். சிலையைப் பார்த்ததும் மியூசியக்காரர் கத்தினார்.

"யாரும்மா தேய்ச்சது? களிம்புதாம்மா அதோட வயசு! பாத்திரம் கழுவுற புத்தி!"

"சாமிய அழுக்கோடவா வெக்கிறது?" என்றேன்.

"சாமியில்ல, பொருள்" என்றார். அந்த வார்த்தைக்காக அவரை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

அம்மனைத் தாலுகா ஆபீசில் பூட்டினார்கள். இந்தப் பக்கம் கிடைக்கிற சிலையெல்லாம் கடலூருக்குத்தான் என்று பழைய ஆட்சி போட்ட உத்தரவைக் கடலூர்க்காரர் நீட்டினார். சிதம்பரத்தில் இன்னொரு மியூசியம் வைத்திருப்பவர் புது ஆட்சியில் ஆளைப் பிடித்துக்கொண்டு எனக்குத்தான் என்றார். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் மனு போட்டார்கள். விசாரணைக்கு முதல்நாள் சிதம்பரத்துக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, அம்மன் சிதம்பரத்துல இருந்தா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பூவோட வாங்க, நானே சாத்துறேன். கடலூருக்குப் போனா கண்ணாடிப் பொட்டிதான். அவன் ஆளுங்கதான் தேய்ச்சுக் கெடுத்தாங்கன்னு ஒரு கையெழுத்து போடுங்க. போதும்."

அவர் போனதும் என் வீட்டுக்காரர், "போட்டுத் தொலையேன். ஒன்னய அவ்ளோ பேசுனான்ல அந்தாளு" என்றார். எனக்கும் ஆசைதான். போட்டேன்.

விசாரணையில் அதிகாரியின் மேசை மேல் அம்மனை நிறுத்தியிருந்தார்கள். கழுத்தில் நூலில் கட்டிய அட்டை, அதில் நம்பர். அதிகாரி என் காகிதத்தை வாசித்துவிட்டு, "இது நெசமாம்மா?" என்றார். நான் தேய்த்த முகம் என்னைப் பார்த்தது.

"இல்லீங்க. நாந்தான் தேய்ச்சேன். அது பொய்க் கையெழுத்து."

"மெரட்டி வச்சிருக்கான் சார் இந்தக் கடலூர்க்காரன்!"

"யாருடா மெரட்டுனது? பொம்பளகிட்ட பொய்யி எழுதி வாங்குன நாயி!"

சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பியூன் நடுவில் புகுந்து பிரித்தார். அம்மன் கடலூருக்கு என்று அன்றைக்கே எழுதினார்கள்.

படியில் சிதம்பரத்துக்காரர், "அம்மன நீயே தொரத்திட்ட. நல்லாரு" என்றார். ஜெயித்தவராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னாரா? "பொய் சாட்சிக்கு ஒன்னய உள்ள தள்ளியிருக்கணும்" என்றபடி ஜீப்பில் ஏறினார்.

போன மாதம் கடலூருக்குப் போனேன். பூவை வாசலிலேயே வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று கை கூப்பினேன். ஸ்லோகம் வரவில்லை, இரண்டு பேருக்குமான சாபம்தான் வந்தது. சாமி முன்னால் அப்படி நினைக்கக்கூடாது. தெரியும். நிறுத்தாமல் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.