அத்தை சொன்னதில் பாதி

எங்கள் வீட்டில் கைப்பேசியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் எவரும் இல்லை. அப்பா வைத்திருந்தது பொத்தான் வைத்த பழைய போன். எத்தனை முறை கீழே விழுந்தாலும் மூடியையும் பேட்டரியையும் பொறுக்கி எடுத்து மாட்டினால் மறுபடி உயிர் வந்துவிடும். இதற்கு மேல் மனிதனுக்கு என்ன வேண்டும் என்பது அவர் கட்சி. பெரியப்பா ஜப்பான்காரன் செய்யாத எந்தப் பொருளையும் நம்ப மாட்டார். அவர் சட்டைப் பையில் இருந்த போன் ஜப்பானில் செய்யப்பட்டதல்ல என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பேசுகிறவர் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. சொந்தமாகப் போனே கிடையாது. ஆகவே எல்லாரையும் விட அதிகமான அபிப்பிராயங்கள் என்னிடம்தான் இருந்தன.

அவற்றைக் கொட்டுவதற்கு எனக்கு ஓர் இடமும் இருந்தது. சிங்கப்பூருக்கு இக்கரையில் இருக்கும் ஸ்கூடாயில், தாமான் என்று சொல்லும் குடியிருப்பில் எங்கள் வீட்டு ஹாலில், சாமி மேடைக்கும் டிவிக்கும் நடுவே ஒரு கணினி. பள்ளி வேலைக்கு என்று சொல்லித்தான் அப்பா வாங்கினார். பள்ளி வேலை முடிந்ததும், சில நாள் முடிவதற்கு முன்பே, நான் ஓர் இணைய மன்றத்துக்குள் நுழைந்துவிடுவேன். இங்கேயும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஆட்கள் எந்தக் கைப்பேசி நல்லது, எது குப்பை என்று ஆங்கிலத்தில் ஓயாமல் சண்டை போடும் இடம் அது. நான் ஆண்பிள்ளைபோல் ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டேன். பொறியாளர் தொனியில் எழுதப் பழகிக்கொண்டேன். முகம் தெரியாத பெரியவர்கள் என்னை 'ப்ரோ' என்று அழைத்து, எந்தப் போன் வாங்கலாம் என்று யோசனை கேட்டார்கள். நானும் தயங்காமல் சொன்னேன்.

எங்களோடு அத்தை இருந்தார். அப்பாவின் கடைசித் தங்கை. தாத்தா, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். அவர் பிள்ளைகளில் பாலிடெக்னிக் வரை போனது அத்தை மட்டும்தான். கெலாங் பாத்தா பக்கம் கைப்பேசிக்கு சார்ஜர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. காலையில் நீலச் சட்டையோடு தாமான் முனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார். தொழிற்சாலை சிபாரிசு செய்தால் வார இறுதியில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கலாம் என்ற நிலையில் இருந்தார். அதற்கான பாரத்தைக்கூட நிரப்பி மேனேஜரிடம் கொடுத்திருந்தார். வீட்டில் சார்ஜரைப் பற்றி உண்மையாகவே தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர்தான் எங்கள் வாக்குவாதங்களில் மிகக் குறைவாகப் பேசியவரும்.

இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று வகுப்பில் சேர்ந்த வருடம் எதிர்கால இலட்சியத்தை ஒரு பாரத்தில் எழுதச் சொன்னார்கள். நான் கைப்பேசிகளைப் பற்றி விமர்சனம் எழுதுவதுதான் என் வேலை என்று எழுதிவிட்டேன். அப்படி ஒரு வேலை இல்லை, டாக்டர் என்றோ ஆசிரியர் என்றோ மாற்றி எழுது என்று டீச்சர் பாரத்தைத் திருப்பி அனுப்பினார். பெற்றோர் சந்திப்புக்கு அப்பாவுக்கு நேரமில்லாமல் அத்தைதான் வந்தார். "இல்லாத வேலைன்னு எப்படி டீச்சர் சொல்லுறது? நான் பாக்குற வேலையே எங்க அப்பா காலத்துல கிடையாது" என்றார். டீச்சர் சிரித்துவிட்டுப் பாரத்தை வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியில் அத்தை எனக்கு ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தார். பெரிய ஆளாகிவிட்ட நினைப்பு எனக்கு.

அந்த வருடம்தான் அந்தச் சண்டை வந்தது. நான் ஆசைப்பட்டு ஏங்கிய கைப்பேசி ஒன்று, சார்ஜ் ஏறும்போது கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது என்று புகார்கள் கிளம்பின. போன் கம்பெனி, குற்றம் சார்ஜரில்தான் என்றது. சார்ஜர் செய்து கொடுத்த தொழிற்சாலை, குற்றம் போனில்தான் என்றது. இரண்டு பக்கமும் வக்கீல் வைத்தார்கள். பத்திரிகையில் வந்தது. அந்தச் சார்ஜர் அத்தையின் தொழிற்சாலையில் செய்தது.

வீடு இரண்டாகப் பிரிந்தது. பெரியப்பா, ஜப்பான்காரனிடம் கொடுத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை என்றார். அப்பா தங்கை பக்கம். நான் போன் கம்பெனி பக்கம். அந்தப் போன் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. படத்தில் மட்டும் பார்த்த பொருளுக்காக ஒரே தட்டில் சாப்பிடுகிறவரோடு நான் சண்டை போட்டேன் என்பது இப்போது நினைத்தால் கூசுகிறது. அப்போது அதை நியாயம் என்று நினைத்தேன்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நான் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். அத்தை ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "இந்த மாசம் எங்க லைன்ல சார்ஜர் கொஞ்சம் சூடாத்தான் லா வருது. நான் மறைக்கல. தட்டுத் தட்டா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டி கை வலிக்குது. ஆனா ஒண்ணுகூட வெளிய போவல பாப்பா. எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிட்டோம். நாங்க மூணு பேரு அங்க எதுக்கு இருக்கோம்?"

மூன்று பேர் என்றது அந்த லைனில் தரம் பார்த்தவர்களை. அத்தை, ஒரு சீனப் பெண், அத்தைக்கு மிகவும் வேண்டிய ஒரு மலாய்க்கார அம்மாள். அந்த அம்மாளை எல்லாரும் மலாயில் அக்கா என்பதுபோல் கக் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அத்தை சொன்னதில் முதல் பாதிதான் என் காதில் விழுந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது பொய். இரண்டும் விழுந்தன. மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் மன்றத்தில் எழுத உட்கார்ந்தேன். தொழிற்சாலைக்குள் எனக்கு ஆள் இருக்கிறது, அந்த லைனில் தரம் பார்ப்பவரே சொன்னார், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய தட்டுகள் மலைபோல் கிடக்கின்றன என்று எழுதினேன். ஒன்றுகூட வெளியே போகவில்லை என்ற வரியையும் முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தேன். அந்த வரி இருந்தால் செய்தியில் ருசி இல்லை. அழித்துவிட்டேன்.

அதுவரை நான் எழுதிய எதற்கும் அவ்வளவு பதில்கள் வந்ததில்லை. என் வரிகளை எடுத்து வேறு இடங்களில் ஒட்டினார்கள். தினமும் பள்ளி பஸ்ஸில் வரும்போதே எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று மனம் கணக்குப் போடும். அந்த ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு மதியம் வீட்டுக்கு வந்தபோது அத்தை ஹாலில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி பஸ் சாயங்காலம்தான் வரும். அவர் எப்படி வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. நீலச் சட்டையைக் கழற்றாமல், கணினிக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணினி அணைந்திருந்தது. மடியில் கைப்பை.

"அத்தை, லீவா?"

"ம். உக்காரு பாப்பா."

நான் உட்காரவில்லை. பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"நம்ம வீட்டுல நான் வேலையப் பத்திப் பேசினத நீ யாருகிட்டயாச்சும் சொன்னியா? இதுல எதாச்சும் எழுதினியா?"

"இல்ல அத்தை."

"கோவிச்சுக்க மாட்டேன். சும்மா கேக்குறேன்."

"இல்ல அத்தை. நான் ஸ்கூல் வேலை மட்டும்தான் செய்யுறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டில் யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டு எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். எனக்கு முட்டை பொரித்துத் தந்தார். நான் சாப்பிட்டு முடித்து, அவர் குளிக்கப் போனதும் கணினியைத் திறந்து எழுதியதையெல்லாம் அழித்தேன். புனைபெயரையும் அழித்தேன். திரை வெள்ளையானதும் நடந்தது எதுவுமே நடக்காதது போலாகிவிட்டது என்று நம்பினேன்.

அத்தை நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் போனார், பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிட்டார். அன்று மாலை அப்பாவும் அத்தையும் வாசல் கேட் பக்கம் நின்று நெடுநேரம் பேசினார்கள். அப்பா குரல் உயர்ந்தது. "நீ எதுக்குப் போயி அப்படிச் சொன்ன? உனக்கு என்னா பைத்தியமா?" என்றது மட்டும் உள்ளே கேட்டது. அத்தை பதில் சொன்னது கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த நீலச் சட்டை கொடியில் காய்ந்து நான் பார்க்கவில்லை.

தொழிற்சாலையில் நடந்தது எனக்குத் தெரிய வந்தது பல வருடம் கழித்து. நான் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த சமயம், ஒரு பேரங்காடியில் கக்கைத் தற்செயலாகப் பார்த்தேன். அத்தையின் அண்ணன் மகள் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மன்றத்தில் வந்ததைப் போன் கம்பெனியின் வக்கீல்கள் அச்செடுத்துக் கொண்டுவந்து மேசையில் போட்டார்களாம், குறை தொழிற்சாலைக்கே தெரிந்திருக்கிறது, இதோ சாட்சி என்று. நிர்வாகம் தரம் பார்த்த மூவரையும் வீட்டுக்கு அனுப்பியது. யார் வெளியே சொன்னது என்று தெரியும் வரை மூவருக்கும் வேலை இல்லை. கக்குக்கு மூன்று பிள்ளைகள், கணவர் படுக்கையில். ஐந்தாம் நாள் அத்தை போய், வெளியே சொன்னதும் எழுதியதும் தான்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். மற்ற இருவரும் அடுத்த நாளே வேலைக்குத் திரும்பினார்கள்.

"உன் அத்தை அப்படிச் செய்கிற ஆளே இல்லை, எனக்கு இன்னமும் புரியவில்லை" என்று கக் மலாயில் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அவரிடம்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த இரண்டு கம்பெனிகளும் சில மாதத்தில் சமாதானமாகிவிட்டன. யார் பேரிலும் குற்றமில்லை என்று சேர்ந்தே அறிக்கை விட்டார்கள். அடுத்து வந்த போனுக்கும் அதே தொழிற்சாலைதான் சார்ஜர் செய்தது. அத்தை கொடுத்த பல்கலைக்கழகப் பாரம் என்ன ஆனதென்று யாரும் கேட்கவில்லை. அவர் பிறகு படிக்கவே இல்லை. சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் பொட்டலம் பிரித்து அடுக்கும் வேலைக்குப் போனார். நாங்கள் எழுவதற்குள் கிளம்பி, எல்லையிலுள்ள இரண்டாம் பாலத்தைக் கடந்து போவார். பதினைந்து வருடமாகியும் அங்கேதான் இருக்கிறார். தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனால், "பாப்பா, உனக்குத்தான் தெரியும், இப்ப எந்தப் போன் வாங்கலாம்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் குத்தல் ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொரு வருடமும் தேடிப் பார்க்கிறேன். இருந்ததில்லை. நான் சொல்லுவதைத்தான் வாங்குகிறார். நான் சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை.

நான் இப்போது ஒரு மென்பொருள் கம்பெனியில் பயனர் கையேடு எழுதுகிறேன். சேர்ந்த முதல் நாள், உள்ளே கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் படிக்காமலே போட்டுவிட்டுப் போனார்கள். நான் இரண்டு முறை படித்தேன்.

ஆனால் அதிகமாக நினைவுக்கு வருவது வேறொரு மதியம். அத்தை வேலையை விட்டு மூன்று வாரம் இருக்கும். சிங்கப்பூர் வேலைக்கு ஏஜெண்டு கொடுத்த விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்ப வேண்டும். "நீதான் வேகமா டைப் பண்ணுவ, வா" என்று என்னைக் கூப்பிட்டார். நான் உற்சாகமாக உட்கார்ந்தேன். வீட்டில் மறுபடி எனக்கு மதிப்பு வந்துவிட்டது. அவர் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, பெயர், அடையாள அட்டை எண், படிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

முந்தைய வேலையை விட்ட காரணம் என்று ஒரு கட்டம் வந்தது. நான் விரல்களை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அத்தை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடும்பக் காரணம்னு போடு" என்றார்.

"நம்ம வீட்டுல யாருக்கு என்னா அத்தை? எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்?"

"ஆமா, நல்லாத்தான் இருக்கோம். நீ போடு லா."

ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களைத் தட்டினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சரிபார்த்தேன். இல்லை. அத்தை என் தலையை ஒருமுறை தடவிவிட்டு, அடுத்தது என்ன கேட்கிறான் என்றார். எனக்கு மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் அந்த நிமிடம் இறங்கியது. காரணம் குடும்பம்தான் என்று அத்தையே சொல்லிவிட்டார். அப்படியானால் நான் இல்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன்.